அர்வில்லா துப்பாக்கிக்கு மூக்கு வைத்தது

பிப்ரவரியில் ஒரு காலை, பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டப் போன அர்வில்லா ஸ்டோக்ஸ் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு ஏப்ரலுக்குள் கூடிவிட்டது. மே மாதம் பனி கரைந்து, எங்கள் டஸ்டி ஃபோர்க் துப்பாக்கி சுடும் கிளப் திறந்த அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருஷம் ஐடஹோ மலைச்சாலையில் பேருந்து ஓட்டியவள். ஒரு முறைகூட அபராதச் சீட்டு வாங்காதவள்.

அந்தக் கிளப்பில் மதிப்பெண் எழுதுவது என் வேலை. அதனால் அன்று நடந்ததை என் கையாலேயே எழுதினேன். முதல் குண்டு இலக்கின் நடுவில். இரண்டாவது குண்டு பின்னாலிருந்த மண்மேட்டின் உச்சியில். மூன்றாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கைத்துப்பாக்கி முகத்தைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. மணிக்கட்டு அதைப் பிடித்து இறக்குவதற்குள் நேரம் ஓடிப்போனது.

"விடு, அர்வில்லா," என்றான் டெல்மர் குவிக்லி. கால்நடைத் தீவனக் கடைக்காரன். கிளப்பின் பாதுகாப்பு அதிகாரியும் அவன்தான். விதிகளை எழுதி ஒரு தடிமனான கோப்பில் போட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிவான். "வயசாச்சு. பேசாம நீ பழம் வச்ச பைப் பலகாரம் செஞ்சு எடுத்துட்டு வா. உன் ஹக்கிள்பெரி பைக்கு ஊர்ல ஈடு கிடையாது."

"நீ என்னோட ஒரே வகுப்புல படிச்சவன், டெல்மர். எனக்கு வயசாச்சுன்னா உனக்கு என்ன ஆச்சு? பல்லு முளைக்குதா?"

"நான் ஒண்ணும் வானத்தைச் சுடலையே!"

அந்தப் பேச்சு அவளை எங்கேயோ சுட்டுவிட்டது. திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு, நேராக ஹாலிஸ் பிரான்ட்வோல்டின் கடைக்குப் போனாள். துப்பாக்கி பழுது பார்க்கிறவன் ஹாலிஸ். எண்ணி எண்ணிப் பேசுகிற ஆள். அவன் கடையில் டூலி என்று ஒரு கிழட்டு வேட்டை நாய் உண்டு. குட்டியிலிருந்தே வெடிச் சத்தத்தில் வளர்ந்ததால், பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் புரண்டு படுக்கும்.

"குழலை மாத்திடலாம்," என்றான் ஹாலிஸ். "முனையில மரை போட்ட குழல் ஒண்ணு வருது. அந்த மரையில இதைத் திருகிட்டா போதும்." விரல் நீளத்தில், மேல் பக்கம் இரண்டு பெரிய ஓட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டை மேசைமேல் வைத்தான். "இதுக்குப் பேரு காம்பென்சேட்டர். வெடிக்கிறப்போ வர்ற வாயுவை மேல தள்ளும். மேல தள்ளினா துப்பாக்கி கீழ அமுங்கும். முகத்தைத் தூக்காது."

"மூக்கு மாதிரி இருக்கு."

"மூக்குன்னே வச்சுக்குங்க."

"இது சட்டப்படி சரிதானா?"

"சரிதான்."

"எந்தச் சட்டப்படி?"

ஹாலிஸ் பெருமூச்சு விட்டான். "அர்வில்லா, சத்தத்தைக் குறைச்சா அது சைலன்சர். அதுக்கு மத்திய அரசுல பாரம், கைரேகை, போட்டோ எல்லாம் உண்டு. இது சத்தத்தைக் குறைக்காது. நம்ம மாநிலத்துல இதுக்கு ஒண்ணும் வேண்டாம். கலிபோர்னியாவுல இருந்தா மரை போட்ட குழலே வம்பு. அங்கயா போகப்போறீங்க?"

"என் நாத்தனார் அங்கதான் இருக்கா. அதனால போகமாட்டேன்."

"அப்ப சரி."

"ஆனா ஒரு பாரம்கூடக் கிடையாதா?"

"கிடையாது."

இது அவளுக்குப் பிடிக்கவில்லை. பேருந்தின் வைப்பரை மாற்றினால்கூட மூன்று பிரதி எழுதிக் கொடுத்துப் பழகியவள். காகிதம் இல்லாத காரியம் என்றால் எங்கேயோ வில்லங்கம் இருக்கிறது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, மத்திய அரசின் துப்பாக்கி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பக்கம் ஐம்பது நிமிஷம் பியானோ வாசித்தார்கள். அதற்குள் அவள் உருளைக்கிழங்கு கேசரோல் ஒன்றைச் செய்து அடுப்பிலிருந்து இறக்கியும் விட்டாள். பிறகு ஒரு ஆள் வந்தான்.

"நான் ஒரு இரும்புத் துண்டுல இன்னொரு இரும்புத் துண்டைத் திருகப்போறேன். அரசாங்கத்துக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

அந்த ஆள் விவரம் கேட்டான். கேட்டுவிட்டு, "ஆட்சேபணை இல்லை, மேடம். எந்தப் பாரமும் வேண்டாம்," என்றான்.

"அதை எழுதிக் கொடுங்க."

"எதை?"

"எதுவும் வேண்டாம்கறதை."

"மேடம், வேண்டாம்கறதுக்கு எங்ககிட்ட பாரம் இல்லையே."

"அப்ப ஒரு பாரம் தயார் பண்ணுங்க. நான் காத்திருக்கேன். கேசரோல் ஆறணும், எப்படியும் இருபது நிமிஷம் ஆகும்."

இருபது நிமிஷமும் காத்திருந்தாள். கடைசியில் அந்த ஆள் தோற்றுப்போய், நீங்கள் சொல்கிற பொருளுக்கு இந்த அலுவலகத்தின் அனுமதி எதுவும் தேவையில்லை என்று ஒரே ஒரு வரியை மின்னஞ்சலில் அனுப்பினான். அர்வில்லா அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அன்று மாலை பேருந்தில் ஏறிய பிள்ளைகள், அவளுக்கு ஏதோ பதவி உயர்வு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பத்து நாளில் குழலும் மூக்கும் வந்து சேர்ந்தன. மாட்டிக் கொடுக்கிறேன் என்றான் ஹாலிஸ். வீட்டில் ஆரின் பார்த்துக்கொள்வான் என்றாள் அர்வில்லா. ஆரின் அவளுடைய கணவன். நாற்பது வருஷம் பிளம்பர். இந்த ஊரில் அவன் கை படாத குழாய் இல்லை. காலையிலேயே சொல்லிவிட்டான், "ஒரு குழாய்ல ஒரு உருப்படியைத் திருகறதுக்கு இன்னொருத்தன்கிட்ட போனேன்னு தெரிஞ்சா என்னை எவன் மதிப்பான்?" என்று.

"சரி, ஆரின்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, அந்த மரை வந்து..." என்று ஹாலிஸ் தொடங்கும்போதே அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

துப்பாக்கியைக் காலி செய்து, பிரித்து, புதுக் குழலை மட்டும் சமையலறை மேசையில் துண்டை விரித்து வைத்தார்கள். மரையைக் காக்க அதன் நுனியில் ஒரு சின்ன மூடி இருந்தது. முதலில் அதைக் கழற்றவேண்டும். ஆரின் கையால் திருகினான். அசையவில்லை. துணி சுற்றித் திருகினான். எண்ணெய் விட்டான். அர்வில்லாவின் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து சூடு காட்டினான். கொட்டகைக்குப் போய், கக்கூஸ் குழாய் கழற்றுகிற ராட்சசக் குறடு ஒன்றைத் தூக்கி வந்தான்.

"ஆரின், அதைக் கீழ வை. நீ அதை எங்கெல்லாம் விட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். இது சாப்பாட்டு மேசை."

"மட்டமான மரை. ஃபாக்டரியிலயே கெடுத்துட்டான். நாப்பது வருஷத்துல இப்படி ஒரு மரையை நான் பாத்ததில்லை."

ஆரின் வியர்வையைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில், அர்வில்லா சும்மா இரண்டு விரலால் அந்த மூடியை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள். ஜாம் புட்டியின் மூடியைப் போல அது சமர்த்தாகக் கழன்று கையில் வந்தது. இடது மரை. உலகத்துக் குழாயெல்லாம் ஒரு பக்கம் திறந்தால், இது மறுபக்கம் திறக்கும். அதைத்தான் ஹாலிஸ் சொல்ல வந்திருக்கிறான்.

ஆரின் அந்த மூடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "நான்தான் தளர்த்தி வச்சேன்," என்றான்.

அடுத்த சிக்கல் ஓட்டை. மூக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஆரினுக்கு முகம் வாடிவிட்டது.

"இது கசியுமே!"

"கசியணும். அதுக்குத்தான் ஓட்டை."

"கசியறதுக்கா? நான் வாழ்நாள் முழுக்க ஊர்க்காரங்களோட கசிவை அடைச்சவன். என் வீட்டுக்குள்ளயே கசியற உருப்படியை என் கையால மாட்டணுமா? கொஞ்சம் டேப் சுத்திடறேன், அர்வில்லா. ரெண்டே சுத்து."

"டேப்பைத் தொட்டே, கையை உடைப்பேன்."

டேப் இல்லாமல் மாட்டினான். ஹாலிஸ் கொடுத்த ஒட்டுப் பசையை மரையில் ஒரு சொட்டு விட்டு இறுக்கினான். முழுதாக இறுகி நின்றபோது இரண்டு ஓட்டைகளும் கச்சிதமாகத் தரையைப் பார்த்தன.

"ஓட்டை மேல இருக்கணும்னு ஹாலிஸ் சொன்ன மாதிரி ஞாபகம்," என்றாள் அர்வில்லா.

"வடிகால் எங்கயாவது மேல இருக்குமா? கீழதான் இருக்கும். இதுல மட்டும் நான் சொல்றதைக் கேளு."

மூடி விஷயத்தில் அவன் மனசு ஏற்கெனவே நொந்திருந்தது. அதனால் அவள் கேட்டுக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் செய்த பெரிய பிழை அது ஒன்றுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை போட்டி. ஹாலிஸ் தன் வண்டியை வாகன நிறுத்தத்தில் விட்டு, பின்பலகையை இறக்கி, அர்வில்லா கொண்டுவந்த ஹக்கிள்பெரி பை உட்பட எல்லோருடைய சாப்பாட்டையும் பரப்பிவைத்தான். டூலி வண்டிக்கடியில் உறங்கியது. முதல் இலக்குக்கு, கவிழ்த்துவைத்த ஒரு இரும்புப் பீப்பாயின் பின்னால் நின்று சுடவேண்டும். சுடும் இடத்தில் தின்பண்டம் கூடாது என்று டெல்மர் தானே எழுதித் தொங்கவிட்ட பலகைக்கு நேர் கீழே, அந்தப் பீப்பாயின்மேல், டெல்மரின் தட்டு இருந்தது. தட்டில் பொடிச் சர்க்கரை தூவிய ஆறு டோனட்.

"தட்டை எடு, டெல்மர்," என்றாள் அர்வில்லா.

அவன் காதில் விழவில்லை. வெடிச் சத்தத்துக்காகக் காது மூடியை மாட்டியிருந்தான். அதற்கு முன்பு, காது கேட்கும் கருவியின் பேட்டரி வீணாகக்கூடாது என்று அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டிருந்தான். தலையை ஆட்டிவிட்டு, சுடத் தொடங்கச் சொல்லும் நேரக் கருவியை அழுத்தினான்.

அர்வில்லா சுட்டாள்.

வாயு முழுவதும் கீழே பாய்ந்தது. துப்பாக்கி முகத்தைத் தூக்கியதோடு நிற்காமல் வானத்துக்கு ஒரு வணக்கமே வைத்தது. தட்டு இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேகம் எழுந்தது. ஒரு டோனட் உருண்டோடி என் காலடியில் நின்றது. மேகம் கலைந்தபோது, வறுக்கத் தயாராக மாவில் புரட்டி எடுத்த மீனைப் போல டெல்மர் நின்றுகொண்டிருந்தான். கண் இரண்டு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

அர்வில்லா பதறவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து, திறந்தபடியே பீப்பாயின்மேல் வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து நின்றாள்.

டெல்மர் சர்க்கரையைத் துப்பினான். அப்போதுதான் துப்பாக்கியின் முனையைப் பார்த்தான்.

"சைலன்சர்!" என்று அலறினான். "சைலன்சர் வச்சிருக்கா! வெடிச்சது எனக்குக் கேக்கவே இல்லை! பாத்தேன், ஆனா கேக்கலை!"

"டெல்மர், உன் காது மெஷினைப் போடு!" என்று நாலைந்து பேர் கத்தினோம்.

"நீங்களும் சத்தமில்லாம பேசறீங்க! எல்லாரும் கூட்டா?"

கைபேசியை எடுத்து ஷெரீஃப் அலுவலகத்துக்கு அழைத்து, தன் பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்துவிட்டான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது அவனுக்கே தெரியாது.

கால் மணியில் சைரன் அலற ஒரு வண்டி வந்து புழுதி பறக்க நின்றது. டென்டன் வீவர் இறங்கினான். ஷெரீஃபின் துணை அதிகாரி, முப்பது வயது, கையில் ரப்பர் உறை, மூக்கில் முகமூடி.

"எல்லாரும் பின்னால போங்க! வெள்ளைப் பொடி எங்க?"

டெல்மரின்மேல் இருந்தது. எங்கள் எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் அவனைக் காட்டின.

"சார், அசையாதீங்க! அது என்ன பொடி?"

அதற்குள் கருவியைக் காதில் சொருகியிருந்த டெல்மர், "டோனட்," என்றான்.

டென்டன் முகமூடியை மெதுவாகக் கழற்றினான். கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். "இதுல வெள்ளைப் பொடி, சத்தமில்லாத துப்பாக்கி, அர்வில்லான்னு எழுதியிருக்கு." அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். உடனே தொப்பியைக் கழற்றினான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அவளுடைய பேருந்தில் போனவன் அவன்.

"குட் மார்னிங், மிஸ் அர்வில்லா."

"வாயில என்ன, டென்டன்?"

"சூயிங் கம், மிஸ் அர்வில்லா." விழுங்கிவிட்டான்.

அவள் கழுத்திலிருந்த அட்டையை நீட்டினாள். டென்டன் ஒருமுறை படித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடியும் படித்தான். "எதுவும் வேண்டாம்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்து நான் பாத்ததில்லை."

"அது காம்பென்சேட்டருக்கு!" என்று டெல்மர் குதித்தான். "இது சைலன்சர்! சத்தத்தை வச்சு சோதிச்சுப் பாரு!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹாலிஸ் இந்த நேரத்தில்தான் எழுந்து வந்தான். துப்பாக்கியை எடுத்து உள்ளே காலிதானா என்று பார்த்தான். மூக்கைப் பார்த்தான். தோள் குலுங்கியது. ஹாலிஸ் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"யார் மாட்டினது?"

ஆரின் மலைகளின் அழகை ரசித்துக்கொண்டிருந்தான்.

"தலைகீழா இருக்கு. இது கீழ ஊதினா துப்பாக்கி மேலதானே போகும்?" ஹாலிஸ் வண்டியிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்து வந்து, மூக்கைக் கழற்றி, மெல்லிய வளையம் ஒன்றைச் செருகி மறுபடி இறுக்கினான். இப்போது ஓட்டைகள் ஆகாயத்தைப் பார்த்தன. "சோதிக்கணும்னா இப்ப சோதிங்க. ஆனா சத்தத்தை யார் தீர்மானிக்கறது? இவர் காதை நம்ப முடியாது."

"பாரபட்சம் இல்லாத ஆள் வேணும்," என்றான் டென்டன், யோசித்தபடி.

வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு குறட்டைச் சத்தம் வந்தது.

அப்படித்தான் டூலி நடுவர் ஆனது. முதலில் டெல்மர் தன்னுடைய சாதாரணத் துப்பாக்கியால் ஒரு குண்டு சுட்டான். டூலியின் காதுகூட அசையவில்லை. பிறகு அர்வில்லா நின்றாள். எல்லோரும் காதை மூடிக்கொண்டோம். சுட்டாள். வெடி மலையில் மோதி இரண்டு தடவை திரும்பி வந்தது. டூலி, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, நான்கு காலும் தரையில் படாமல் எழும்பி, ஹாலிஸின் வண்டிப் பலகையில் ஏறி, பிக்கிள் புட்டியைத் தட்டிவிட்டு, அர்வில்லாவின் ஹக்கிள்பெரி பையின் நடுவில் போய் நின்றது. அங்கே நின்றபடி எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு முறை குரைத்தது. பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று பையைத் தின்னத் தொடங்கியது.

"சைலன்சர் இல்லை," என்று டென்டன் சீட்டில் எழுதினான். "முன்ன இருந்ததைவிடச் சத்தம் அதிகம். நான் கிளம்பட்டுமா, மிஸ் அர்வில்லா?"

"சீட் பெல்ட் போட்டுக்கோ."

டெல்மர் சளைக்கவில்லை. கோப்பைப் பிரித்து, சர்க்கரை உதிர உதிரப் பக்கம் புரட்டி, கடைசியில் ஒரு விதியில் விரலை ஊன்றினான். மூக்கு வைத்த துப்பாக்கிக்காரர்கள் மற்றவர்களோடு போட்டியிடக்கூடாது. திறந்த பிரிவில்தான் சுடவேண்டும். எங்கள் கிளப்பில் அந்தப் பிரிவில் அதுவரை யாருமே இருந்ததில்லை.

"போறேன்," என்றாள் அர்வில்லா.

அன்று பிற்பகல் அவள் சுட்டதைச் சொல்லவேண்டும். முதல் குண்டு போனது. துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்கே நம்பிக்கை வராமல் அதை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். இரண்டாவது, மூன்றாவது. குண்டுகள் ஒரு காபித் தட்டுக்குள் அடங்கின. கடைசி இரும்பு இலக்கு டங்கென்று சாய்ந்தபோது அவள் சிரிக்கவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, முறிந்து கூடிய அந்த மணிக்கட்டை இன்னொரு கையால் இரண்டு தட்டு தட்டினாள், சொன்னபடி கேட்ட பிள்ளையைத் தட்டுவதுபோல. ஆரின் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். கேட்டால் சர்க்கரை விழுந்துவிட்டது என்றான்.

மாலை நான் முடிவுகளை வாசித்தேன். திறந்த பிரிவில் முதலிடம் அர்வில்லா ஸ்டோக்ஸ். உடனே டெல்மர் எழுந்தான்.

"கடைசி இடம் யாருன்னும் வாசி!"

"திறந்த பிரிவில் கடைசி இடம்," என்று வாசித்தேன், "அர்வில்லா ஸ்டோக்ஸ்."

அவள் இரண்டு முறை எழுந்து வந்து, இரண்டு முறை கைகுலுக்கிவிட்டுப் போனாள்.

ஜூலையில் டெல்மர் தீவன மூட்டை தூக்கி முழங்கையைச் சுளுக்கிக்கொண்டான். ஆகஸ்டில் வந்தபோது அவனுடைய துப்பாக்கியிலும் மூக்கு இருந்தது, அர்வில்லாவுடையதைவிட அரை அங்குலம் நீளமாக. ஆரின் மட்டும் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இதுவும் கசியும்," என்றான். அன்றைக்குத் திறந்த பிரிவில் அர்வில்லா முதலிடம், டெல்மர் இரண்டாமிடம். அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த சான்றிதழ் இப்போது தீவனக் கடையில் கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மொத்தம் எத்தனை பேர் சுட்டார்கள் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு அவனுடைய காது கருவி வேலை செய்வதில்லை.